குழாய் மைனரின் பி சைடு

அடைத்துக்கொண்ட கக்கூஸின் முன் முழங்காலிட்டபடி காதல் தோல்வியைப் பாடி, பக்கத்தில் நின்ற எஞ்சினியரை அழவைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் மெயின்டனன்ஸ்காரர் அவர். அழுத எஞ்சினியர் அடியேன்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் அதைச் சொன்னதே இல்லை. எங்களுக்கு அவர் குழாய் மைனர். மினுமினுக்கும் சட்டை, ஒரு பக்கம் சாய்த்த தொப்பி, சிரித்தால் ஒரு தங்கப்பல், இடுப்பில் முழ நீள ரிஞ்ச். பெண் பார்க்கப் புறப்பட்ட மாப்பிள்ளை, வழியில் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு இறங்கியதுபோல இருப்பார்.

ஜமைக்காக்காரர். ஊரில் பாடகர். ரெகே மெட்டில் உருகி உருகிப் பாடும் காதல் பாட்டுகள்தான் தொழில். ரெகே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாம் தாளம் தட்டுகிற இடத்தில் அவர்கள் சும்மா இருப்பார்கள்; நாம் சும்மா இருக்கிற இடத்தில் தட்டுவார்கள். அவர் பாட்டு ஒன்று அந்த ஊர் ரேடியோவில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியதாம். பிறகு பாட்டில் வந்த பெண் லண்டனுக்குப் போய்விட்டாள். இசைத்தட்டை வெளியிட்டவனும் எங்கோ போய்விட்டான். இவர் அக்காவின் பின்னாலேயே நியூஜெர்சிக்கு வந்து ரிஞ்சைக் கையில் எடுத்தார்.

எங்கள் முதல் சந்திப்பு என் வீரத்துக்கு ஒரு சான்று. அமெரிக்காவில் எனக்கு முதல் குளிர்காலம். ஒரு காலையில் ஹாலின் சுவரோரம் 'டொக்... டொக்டொக்' என்று சத்தம். நான் ஆபீஸுக்குப் போன் போட்டு, சுவருக்குள் ஓர் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறான், உடனே காப்பாற்றுங்கள் என்று கதறினேன். கையில் தோசைக் கரண்டியும் வைத்திருந்தேன். யாரைக் காப்பாற்ற என்று இன்றுவரை விளங்கவில்லை.

மைனர் வந்தார். சுவரோரம் இருந்த, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காதை வைத்தார். அவர் பேசியது ஜமைக்கா ஆங்கிலம், நான் பேசியது கரூர் ஆங்கிலம், இருந்தாலும் புரிந்தது.

"உள்ளே ஆள் இல்லை, மிஸ்டர் எமர்ஜென்சி. நீராவி."

அன்றிலிருந்து நான் மிஸ்டர் எமர்ஜென்சி. சத்தத்தை அவர் உடனே நிறுத்தவில்லை. கொஞ்சநேரம் கேட்டார், தொடையில் தட்டினார், அந்த 'டொக்டொக்'கின் மேலேயே பாட ஆரம்பித்துவிட்டார். கனத்த உடம்புக்குள்ளிருந்து அப்படியொரு மெல்லிய குரல். என் மனைவி கலா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "ஏங்க, ரிப்பேர் பண்ண வந்தாரா, நம்மளை அழ வெக்க வந்தாரா?" என்றாள்.

அடுத்து வந்த தீபாவளிக்குப் பாட வேண்டியவர் வராததால் மைனரை மேடையேற்றினோம். மூன்றாவது பாட்டில் ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது பேர் துக்க வீடுபோல உட்கார்ந்திருந்தார்கள். விழாச் செயலாளர் மேடைக்கு ஓடினார்.

"சார், ப்ளீஸ், ஹாப்பியா ஒண்ணு பாடுங்க!"

"இதுதான் என் ஹாப்பி பாட்டு," என்றார் மைனர். "இதில் அவள் லெட்டர் போடுகிறாள்."

அடுத்த கோடையில் அவர் ஒரு கேசட்டோடு வந்தார். நண்பரின் கீபோர்டை வைத்துக்கொண்டு அவரே பாடிப் பதிந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்றாக ஆறு பாட்டு. அந்தக் கட்டிடத்தில் ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிகிற இரட்டை டெக் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். "இருப்பது இது ஒன்றுதான். பத்து காப்பி எடுத்துக் கொடு" என்று என் கையில் வைத்து அழுத்தினார்.

அந்த வாரம்தான் என் கான்ட்ராக்ட் முடிந்தது. வேலை இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அப்போதெல்லாம் போனுக்கு ஆகும் செலவில் மனம் விட்டுப் பேச வழியில்லை. கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். வீட்டில் அதே கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்புவார்கள். மறுநாள் ஒருவர் கரூர் கிளம்புகிறார் என்றதும், என்ன ஏது என்று பார்க்காமல் மேஜையிலிருந்த கேசட்டை எடுத்துப் போட்டு, "வேலை பாறை மாதிரி இருக்குதுங்கப்பா" என்று ஒரு பக்கம் முழுக்கப் புளுகினேன்.

கேசட் போன மறுநாள், நான் வாங்கி வைத்திருந்த புதுக் கேசட்டுகள் பிரிக்காமல் அலமாரியில் இருந்ததைக் கலா எடுத்துக் காட்டினாள்.

"ஏங்க, அப்ப நீங்க பேசுனது எதுல?"

மைனரின் கேசட்டில். மூன்று பாட்டை நானே அழித்துவிட்டேன். மறுபக்கத்து மூன்றில் அப்பா பதில் பதிந்திருப்பார். கரூருக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடுமே! கேட்காதவரை அந்த மூன்று பாட்டுக்கும் உயிர் இருந்தது. எனக்கு வேறு வேலை கிடைத்தது. அப்போதும் கேட்கவில்லை.

மைனரின் முகத்தில் விழிக்கப் பயந்து மூன்று வாரம் மெயின்டனன்ஸைக் கூப்பிடவே இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது. வாளி வைத்தேன். பிறகு அண்டா வைத்தேன். நான் அமைதியாக இருப்பதே சந்தேகமாகப் பட்டதோ என்னவோ, அவராகவே வந்தார். அண்டாவைப் பார்த்தார். வாஷர் மாற்றினார்.

"டேப்?"

"அடுத்த வாரம்," என்றேன், அண்டாவைப் பார்த்துக்கொண்டு.

"சரி," என்றார்.

அந்த அடுத்த வாரம் பாய்லர் அறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவர் அக்கா வந்தார். தம்பியைப் போலவே தொப்பி, கறுப்பில். சனிக்கிழமை சர்ச்சில் அடக்கத்துக்கு முன் அவன் குரல் ஒலிக்க வேண்டும் என்றார். ஜமைக்காவில் இசைத்தட்டு வைத்திருந்த வீடு புயலில் போய்விட்டதாம். "டேப் மிஸ்டர் எமர்ஜென்சியிடம் பத்திரமாக இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நீதானே?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மூன்று பாட்டு இந்த உலகத்தில் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆறும் ஒரே பெண்ணைப் பற்றித்தான். அவளுக்கு மூன்று போதும். மற்ற மூன்று இருக்கிறதா என்று கேள்."

கரூரில் அப்போது சாயங்காலம். அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, நான் அனுப்புன கேசட்டு?"

"அதுலதான்டா பதில் பேசிட்டு இருக்கறேன். பாதி ஆச்சு."

நான் கத்தினேன். "எந்தப் பக்கம்?"

"நீ பேசுன பக்கந்தான். மறுபக்கத்தை உங்கம்மா தொட உடமாட்டேங்கறா. டேப்பைப் பூட்டி வெக்காததுதான் பாக்கி."

அம்மா போனைப் பிடுங்கினாள். "கண்ணு, ஆருடா அந்த மனுசன்? ஒரு வார்த்தை புரியல. ஆனா வீட்டுக்காரி உட்டுட்டுப் போயிட்டாளாட்ட இருக்குது. தெனமும் கேக்கறேன். அவரைத் தனியா சாப்பிட உடாதீங்கடா, கூப்புட்டு ஒரு வாய் சோறு போடுங்க."

போனைக் கலாவிடம் நீட்டினேன். அவள்தான் விவரம் சொன்னாள்.

சனிக்கிழமைக்குள் கேசட் வந்து சேராது. கரூரில் அப்பா டேப்பைப் போட்டுப் போனை அதன் அருகில் பிடித்துக்கொண்டார். இங்கே நான் ஸ்பீக்கர் போனை அமுக்கி, என் டேப் ரிக்கார்டரை ஒட்டி வைத்தேன். ரிக்கார்ட் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். "இன்னொரு தடவை தொட்டீங்க, கையைக் கட்டிப்போடுவேன்" என்றாள் கலா, உதட்டை மட்டும் அசைத்து.

குரல் வந்தது. கடல் தாண்டி, கரகரத்து, தேய்ந்து, ஆனால் அவர்தான். அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சர்ச்சில் அதைத்தான் போட்டோம். மூன்றில் ஒன்று அந்தப் பழைய ரேடியோப் பாட்டு; கூட்டத்தில் பலருக்கு அது ஞாபகம் இருந்தது. மெல்லத் தோளை அசைத்துக்கொண்டே அழுதார்கள். கடைசிப் பாட்டின் முடிவில் டேப்பிலிருந்து ஒரு பெண் குரல் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் அக்காவின் பக்கம் சாய்ந்து, "லண்டனுக்குப் போனாளே, அவளா?" என்று கேட்டார்.

அவள் இல்லை. அது கரூரில் அரிசி களைந்த ஈரக் கையோடு போன் பக்கத்தில் நின்றுகொண்டு, "போயிட்டு வா சாமி" என்ற என் அம்மா.