முட்டையைக் காட்டிக்கொடுத்த கல்

பழைய தங்கச் சுரங்கம் இருக்கும் மைசூர் மைன்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், மாத்திரைப் பையும் டிபன் டப்பாவுமாக ஒரு கூட்டம் நிற்கும். ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். அது கல்லையா வீடு. சுரங்கத்துக்குள் ஆழத்தில், நூறாவது லெவலில் எடுத்ததாகச் சொல்லி ஒரு கல்லை நூலில் கட்டி வைத்திருந்தார். மாத்திரையையும் சாப்பாட்டையும் பக்கத்தில் வைத்து மேலே கல்லைப் பிடிப்பார். வட்டமிட்டால் இரண்டுக்கும் நட்பு, குறுக்கே ஆடினால் பகை. பகை தீர்க்கும் சமாதானப் பொடியும் அவரிடமே கிடைக்கும்.

தம்மபாலன் நம்பினார். இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்தில் கூரைப் பாறையைத் தட்டிப் பார்த்து, அதன் சத்தத்தை நம்பிப் பிழைத்தவர். கல் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. பிரஷர் மாத்திரை தொடங்கியதிலிருந்து அவருக்கு வறட்டு இருமல். கல் முதலில் முட்டையைக் காட்டிக்கொடுத்தது, அப்புறம் பருப்பை, அப்புறம் தக்காளியை. பிரஷர்காரர் தட்டில் உப்பை மட்டும் பெரிய மனதோடு விட்டுவைத்தது. இருமல் அசையவில்லை. கடைசியில் மாத்திரையையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

மகள் சங்கமித்ரா குறுக்கே வந்தாள். தினமும் ரயிலேறி பெங்களூர் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். பக்கத்து வீட்டு முனுசாமி இப்படி மாத்திரையை நிறுத்தித்தான் வாய் கோணிப் படுத்தார்.

"நிறுத்தறதுக்கு முன்ன நானும் ஒருவாட்டி கல்லைக் கேக்கறேன் நைனா" என்றாள்.

அப்பாவோடு கல்லையா வீட்டுக்குப் போய், மூடிய ஐந்து டப்பாக்களை வரிசையாக வைத்தாள். அப்பாவின் மாத்திரையைப் பக்கத்தில் வைத்து, முட்டை எதில் இருக்கிறது என்று கல்லையாவைக் கேட்டாள். மூன்றாவது டப்பா மேல் கல் சாமியாடியது. முட்டை இங்கேதான் என்றார் கல்லையா. திறந்தாள். காலி. மற்ற நான்கையும் திறந்தாள். அவையும் காலி.

நம்பிக்கை இல்லாதவள் எதிரே நின்றால் கல் தடுமாறும் என்று கல்லையா முறைத்தார். தம்மபாலனுக்கு அவமானமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன.

"இன்னாய்யா கதை உடற? மைன்ஸ்ல நம்பறவன் தட்னாலும் நம்பாதவன் தட்னாலும் பாறைக்கு ஒரே சத்தந்தான்."

மறுநாள் மகள் அவரை டாக்டரிடம் இழுத்துப்போனாள். சிலருக்கு அந்த மாத்திரையே இருமலைக் கொண்டுவரும் என்றார் டாக்டர். சில மருந்துக்குச் சில சாப்பாடு ஆகாதுதான், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், இதில் முட்டை ஒரு பாவமும் அறியாது என்று சொல்லி வேறு மாத்திரை எழுதினார். மூன்று வாரத்தில் இருமல் போனது.

கல்லையா இப்போது பங்காருபேட்டையில் கடை விரித்திருக்கிறார். கூட்டத்துக்கும் குறைவில்லை. ஐயா, அம்மா, கல்லுக்கு வாய் இல்லை. உங்களுக்கு இருக்கிறதே, அதை டாக்டர் முன்னால் திறந்தால் என்ன?