மஞ்சத்தண்ணி காத்த மானம்

அவசரமாக ஒன்றுக்கு முட்டும்போது மனிதனுக்கு மூளை வேலை செய்யாது. எனக்கு அது முட்டாதபோதும் பெரிதாக வேலை செய்ததில்லை என்பது என் மனைவியின் கருத்து.

இருபத்தெட்டு வயதிலேயே எனக்கு அடக்கும் சக்தி போயிருந்தது. குழாய்ச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும். பழனிசெட்டிபட்டியில் வீட்டில் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு. விஷயம் கசிந்தால் (அதுதான் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததே) கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவரும் பெண் தர மாட்டார்கள் என்று நம்பினேன். டாக்டரிடம் போகலாமே என்கிறீர்களா? போனால் டாக்டருக்குத் தெரிந்துவிடுமே!

அந்த வருடம் கோம்பையில் தூரத்துச் சொந்தக்காரர்கள் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவோடு பஸ் ஏறினேன். வெள்ளை வேட்டி. உத்தமபாளையத்திலேயே முட்டிக்கொண்டது. டிரைவரிடம் நிறுத்தச் சொல்ல வெட்கம். வேட்டை நாய்களுக்குப் பேர்போன கோம்பையில் இறங்கியதும் ஒரு சந்துக்குள் பாய்ந்தேன். அங்கே ஊர்ப்பெயரைக் காப்பாற்றுவதற்கென்றே படுத்திருந்த ஒரு நாய் எழுந்து ஒரே ஒரு குரைப்பு குரைத்தது.

வைகை அணையின் அத்தனை மதகும் திறந்தன.

"ஏலே, எங்கன ஓடுற?" என்று அம்மா பின்னால் வருகிறாள். முன்னால், தெருவில், மஞ்சள் நீராட்டு! முறைமாமன்கள் மேல் பெண்கள் குடம் குடமாக மஞ்சத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நனையாத ஆளே இல்லை. கண்ணில் பட்ட முதல் பெண்ணின் முன்னால் போய் நின்றேன்.

"ஊத்துங்க!"

"யாரு நீங்க? எனக்கு என்ன முறை வேணும்? அண்ணன் முறைக்கு ஊத்தக் கூடாது."

"மாமன் முறைதான்! சீக்கிரம் ஊத்துங்க!"

"தலையிலயா?"

"இடுப்புக்குக் கீழ ஊத்துங்க தாயி!"

தெருவே சிரித்தது. அவள் குடத்தையே கவிழ்த்தாள். அப்படியொரு நிம்மதி அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் பெரியவர்கள் உறவு பிரித்துப் பார்த்துவிட்டார்கள். சுற்றிச் சுற்றி வந்ததில் நான் நிஜமாகவே மாமன் முறை! "பய நடுத்தெருவுல கெஞ்சியிருக்கான், ஆசை இல்லாமயா?" என்று தாம்பூலம் மாற்றவே உட்கார்ந்துவிட்டார்கள்.

 கல்யாணமானால் எப்படி மறைப்பது? காபி கொண்டுவந்த செல்வியிடம் (குடம் கவிழ்த்தவள்தான்) கிசுகிசுத்தேன். "ஆசைப்பட்டு ஊத்தச் சொல்லல. வேட்டியிலயே போயிட்டேன். அடிக்கடி இப்படி ஆகுது."

அவள் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "அய்யா! இவுகளுக்கும் ஒங்களுக்கு இருந்த அதே கோளாறுதானாம்!"

தரை பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. அவளுடைய அப்பாதான் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"இதுக்கா மாப்ள மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீக? நானும் பஸ்சே ஏறாம கெடந்தவன்தான். தேனி டாக்டரு மாத்திரை குடுத்து, அடக்கிப் பழகவும் சொல்லிக் குடுத்தாக. சளி, காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு சீக்கு. நாளைக்கே போவம்."

"அப்ப தாம்பூலம்?" என்றாள் அம்மா பரிதாபமாக.

"டாக்டரப் பாத்துட்டு வந்து மாத்துவம். தட்டு எங்கனயும் ஓடிராது."

செல்வியும் கூடவே வந்ததால், என் பெண் பார்க்கும் படலம் நடந்தது டாக்டர் வீட்டு பெஞ்சில்தான். மருந்தும் பழக்கமுமாகச் சில மாதங்களில் கோளாறு அடங்கியது. செல்வி அடங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றுவரை ஆரம்பித்துவிடுவாள்.

"எல்லாரும் பொண்ணு பாக்க வருவாக. இவுக ஒண்ணுக்குப் போக வந்தாக!"

வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். கிளம்பும்போது மட்டும் ஒருவர் செருப்பு தேடும் சாக்கில் பின்தங்கி என் காதருகே குனிவார். "மாப்ள, அந்த டாக்டரு எங்கன இருக்காக?"

உள்ளேயிருந்து செல்வியின் குரல் வரும். "சத்தமாக் கேளுங்கண்ணே! பின்னால இன்னும் ரெண்டு பேரு செருப்புத் தேடிக்கிட்டு நிக்கிறாக!"