மூன்று சுழி ஆணை

பல் டாக்டர் போட்ட ஊசியில் ஆரோக்கியசெல்வியின் நாக்கு பாதி மரத்துப் போயிருந்த நேரத்தில்தான், ராமப்பன்கொட்டாய்க் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"இன்னிக்குப் பேச வேணாம்க்கா. ஒரு கும்பிடு போட்டுட்டுக் கெளம்பிடலாம்" என்று காதருகே சொன்னான் தப்ரேஸ். அவள் பம்பு கம்பெனியில் இருந்த நாளிலிருந்தே கூட இருப்பவன். இப்போது எம்.எல்.ஏ.வான அவளுக்கு உதவியாளன்.

"எப்பிடிப் போறது? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு."

முன்வரிசையில் கம்பெனிச் சட்டையோடு பிரவீனா நின்றிருந்தாள். ராமப்பன்கொட்டாயிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி. கம்பெனி வண்டி மெயின்ரோட்டோடு நின்றுவிடும். அதுவரை நாலு கிலோமீட்டர், யானை நடமாடும் சானமாவுக் காட்டோரமாக, விடிந்தும் விடியாமலும் நடக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் பஸ் வராவிட்டால் வேலைக்கே போக வேண்டாம் என்று பன்னிரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு நிழற்குடை மட்டும் இருந்தது. அதில் ஆடுகள் படுத்திருந்தன. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஆரோக்கியசெல்வி இருபத்திரண்டு வருஷம் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை மேசையில் நின்றவள். யூனியன் வழியாகக் கட்சிக்கு வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் எம்.எல்.ஏ. ஆனாள். மூன்றாம் மாதம் இந்த நிழற்குடையின் திறப்பு விழாவில், பழக்கதோஷத்தில் ஒரு போல்ட்டை விரலால் திருகினாள். அது கையோடு வந்துவிட்டது. மைக் முன்னாலேயே "ரிஜெக்ட்" என்றாள். கட்டியவர் சொந்தக் கட்சிக்காரர். அது முதல் சர்ச்சை. சட்டமன்றத்தில் சபாநாயகரை வாய் தவறி "சூப்பர்வைசர் அவர்களே" என்று விளித்தது இரண்டாவது.

மூன்றாவது இப்போது ஆரம்பமானது.

"பயப்படாதீங்க. திங்கக்கிழமை காலைல ஆணை வரும். யாரும் தடுக்க முடியாது. நானே கையில புடிச்சிட்டு வருவேன்!"

பஸ் விடுவதற்கான அரசாணையைத்தான் சொன்னாள். ஆனால் மூன்று சுழி 'ண'வுக்கு நாக்கு மேலே மடிய வேண்டும். அது மடியவில்லை.

கூட்டத்தின் காதில் விழுந்தது ஆனை, அதாவது யானை.

பின்னாலிருந்து அழகர்சாமி என்கிற தக்காளித் தோட்டக்காரர் குரல் கொடுத்தார். "ஆனை வர்றதுக்கு எம்.எல்.ஏ. எதுக்குங்க? அது பாட்டுக்கு வரும். பஸ்ஸுதான் வராது!"

சாயங்காலத்துக்குள், ஓசூரில் யூடியூப் சேனல் நடத்தும் அஸ்வின் வீடியோ போட்டுவிட்டான். 'திங்கட்கிழமை யானை வரும்: மக்களை மிரட்டும் எம்.எல்.ஏ.'

மூக்கண்டப்பள்ளி வீட்டில், வீங்கிய கன்னத்தோடு ஆரோக்கியசெல்வி அதை நாலு தடவை பார்த்தாள். நாலு தடவையும் அவள் காதுக்கே ஆனை என்றுதான் கேட்டது.

"உடனே மறுப்பு சொல்லிடுங்கக்கா. இப்ப நாக்கு சரியாயிடுச்சில்ல?" என்றான் தப்ரேஸ்.

அஸ்வினையே வரவழைத்தாள். கேமரா முன்னால் கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஆனை வராது. நான் அப்படிச் சொல்லவேயில்ல. ஆனை வரும்னு யாரும் நம்பிட்டு இருக்காதீங்க."

இந்தத் தடவை நாக்கு சொன்னபடி கேட்டது. ஆனால், வீடியோத் தலைப்புகளின் எழுத்துப் பிழைக்காக எப்போதும் ஏச்சு வாங்கும் அஸ்வின், இப்போது ரொம்ப ஜாக்கிரதையாக மூன்று சுழி போட்டான். 'ஆணை வராது. நம்ப வேண்டாம்: எம்.எல்.ஏ. கைவிரிப்பு.'

வெள்ளிக்கிழமை காலை பிரவீனா போனில் கூப்பிட்டாள். "அக்கா, வராதாமே? எங்கப்பா ஐடி கார்டை வாங்கி பீரோவுல வச்சிட்டாரு."

"வரும் கண்ணு. நான் சொன்னது வேற ஆனை."

"எத்தன ஆனைக்கா இருக்குது?"

போனை வைத்ததும் பழைய மேசை ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனியில் அவள் மேசையைத் தாண்டிப் போன பம்பை யாரும் மறுபடி பிரித்துப் பார்த்ததில்லை. ஒரு பச்சை ஸ்டிக்கர், கீழே அவளுடைய எண். அவ்வளவுதான். அன்று யாரும் அவளுக்கு மாலை போடவில்லை. ஆனால் அவள் சரி என்றால் அது சரி. இன்று வீட்டில் மாலை காய்கிறது, சொல்லை வாங்கத்தான் ஆளில்லை. அந்த மேசையை விட்டு எதற்கு வந்தோம் என்று கேட்டுக்கொண்டாள். பிரவீனாவைப் போன்றவர்கள் நடக்கக் கூடாது என்பதற்காக என்று ஒரு பதில் உள்ளேயிருந்து வந்தது. அது மட்டும் இன்னும் ரிஜெக்ட் ஆகவில்லை.

"அந்த ஊர்ல பாதிப் பேரு கன்னடம். கன்னடத்துல சொல்லிடுங்களேன்" என்றான் தப்ரேஸ்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சேனல்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார். நெஞ்சில் கைவைத்து, என்மேல் சத்தியமாக பஸ் வந்தே தீரும் என்ற பொருளில் சொன்னாள்: "நன்ன ஆணெ, பஸ் பந்தே பருத்தெ!"

கன்னடத்தில் ஆணெ என்றால் சத்தியம். ஆனெ என்றால் யானை. நாக்கு சரியாகிவிட்டது என்று நம்பியது அவள் தப்பு. காலையில் பல் டாக்டர் அடுத்த ஊசியைப் போட்டிருந்தார்.

இரவு எட்டு மணிச் செய்தியில் எல்லை தாண்டி ஓடியது: 'நன்ன ஆனெ. என்னுடைய யானை என்று தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒப்புதல்.'

சனிக்கிழமை எதிர்க்கட்சிக்காரர்கள் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கூடி, யானை வாங்கப் பணம் ஏது என்று கோஷம் போட்டார்கள். மத்தியானம் வனத்துறையிலிருந்து ஒருவர் போன் செய்தார். குரலில் மரியாதை சொட்டியது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஆனை வச்சிருந்தா லைசென்ஸ் இருக்கணுங்க. ஆம்பளை ஆனையா, பொம்பளை ஆனையா?"

"சார், அது காகித ஆனை!"

"பொம்மைங்களா? அப்ப தேவையில்லீங்க."

ஆரோக்கியசெல்வி போனைத் தப்ரேஸிடம் நீட்டினாள். "நான் இனிமே வாயே தொறக்கல."

"அதுதான் சரி. வாயால சொல்ல வேணாம்க்கா. எழுத்துல குடுத்துடுவோம். எழுத்துல சுழி தெரியுமில்ல?"

லெட்டர்பேடில் அவளே கைப்பட எழுதினாள். 'என்னிடம் எந்த யானையும் இல்லை. ராமப்பன்கொட்டாய்க்கு எந்த யானையும் வரவில்லை, வரப்போவதும் இல்லை.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், சென்னையில் அந்தக் கோப்பைப் பார்க்கும் அதிகாரியின் வீட்டுக்குப் போன் போட்டாள். கோப்பு இன்னும் நகரவில்லை, இந்த வாரம் கஷ்டம் என்றார். அடுத்த வாரமும் சந்தேகம்தான் என்றது அந்தக் குரலின் இழுப்பு.

"அப்ப நாளைக்கு நாம அங்க போகத்தான் வேணுமா?" என்றான் தப்ரேஸ்.

"போகணும். யானை இல்லைன்னு கடிதத்தைப் படிப்பேன். ஆணை வரலைன்னு என் வாயால சொல்லுவேன். பொண்ணுங்களோட மெயின்ரோடு வரைக்கும் நானும் நடப்பேன். வர்ற வரைக்கும் தினமும் நடப்பேன்."

"மூட்டுவலியோட நாலு கிலோமீட்டரா?"

"இருபத்திரண்டு வருஷம் நின்னிருக்கேன். நடக்க மாட்டேனா?"

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நிழற்குடையில் ஊரே கூடியிருந்தது. யானையைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். அஸ்வின் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, "மேடம், எந்தப் பக்கமா வரும்?" என்றான். அவனைப் பார்க்காமல் பிரவீனாவைத் தேடினாள். பன்னிரண்டு பெண்களும் சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை நம்பிப் பார்க்கலாம் என்பதைப் போல.

தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தைப் பிரித்தாள்.

அப்போது வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. நெற்றியில் 'ராமப்பன்கொட்டாய்' என்று புதுப் பெயிண்டில் எழுதிய டவுன்பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"பஸ்ஸுடா!" என்று அழகர்சாமி துண்டைச் சுழற்றினார். பெண்கள் கத்திக்கொண்டு ஏறினார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்த பிரவீனா, "அக்கா, உங்க ஆணை வந்துடுச்சு!" என்று கையாட்டினாள். மூன்று சுழி, சுத்தமாக.

ஆரோக்கியசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. சேசுவே, கோப்பு நகர்ந்துவிட்டதா என்ன?

அந்த நேரம் பார்த்து, நிழற்குடையிலிருந்த கருப்பு ஆடு ஒன்று கையிலிருந்த கடிதத்தைக் கவ்வியது. முத்திரை குத்திய பாகம் ஏற்கெனவே அதன் வாய்க்குள்.

"ஏய், விடு! தப்ரேஸ், புடி! ஒரே காப்பிதான் இருக்குது!"

அவள் ஒரு பக்கமும் ஆடு ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டிருக்கையில், கண்டக்டர் இறங்கி வந்து வணக்கம் வைத்தார்.

"ஆணையெல்லாம் எதுவும் வரலீங்க மேடம். ஆனை வருதாமே, அந்த ரோட்டுல பொண்ணுங்கள எப்பிடி நடக்க விடறதுன்னு மேலதிகாரிங்க சத்தம் போட்டு, தினமும் ரெண்டு ட்ரிப் அடிக்கச் சொல்லிட்டாங்க. ஆனை இல்லைன்னு எம்.எல்.ஏ. எழுத்துல குடுத்தா மட்டும் அன்னிக்கே நிறுத்திடணுமாம்... அப்படி ஏதாச்சும் கடுதாசி வச்சிருக்கீங்களா?"