வாசல் குழியும் நீ ஏற்றிவிட்ட மென்பொருளும்

அன்பு என்று தொடங்குவது மரபு என்பதால் மட்டும் அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். உன் அக்கா என்னைவிட நலம். நீயும் உன் மனைவியும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் வம்பை இறக்கிவைத்துவிட்டுப் போனவர்கள் பொதுவாக நலமாகவே இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் பேனாவால் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். உன் கல்யாணப் புகைப்படத்தில் என் தலை பாதி வெட்டுப்பட்ட விவகாரத்தை இதில் எடுக்கப்போவதில்லை. அதற்குத் தனிக் கடிதம் வரும்.

போன தடவை நீ வந்தபோது, "அத்தான், உங்க லேப்டாப் ஆமை மாதிரி நகருது, கொஞ்சம் சுத்தம் பண்ணித் தரேன்" என்றாய். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அக்காவும் தம்பியும் திரைக்கு முன்னால் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல அத்தான், சும்மா ஒரு அப்டேட்" என்றாய். கேட்காமலே ஒருவன் "ஒண்ணுமில்ல" என்றால் அங்கே என்னவோ இருக்கிறது என்பது இரண்டு பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாதா? தெரியும். பெண் கொடுத்த வீடாயிற்றே என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

நீ போன மறுவாரம் நகராட்சி ஆட்கள் வந்து என் வாசல் கேட்டுக்கு நேராக ஒரு குழி தோண்டினார்கள். எதற்கு என்று கேட்டேன். "குழாய் பாக்கணும் சார்" என்றான் மேஸ்திரி. பார்த்தாயா என்றேன். "பாத்தோம் சார், இங்க இல்ல." இல்லாத குழாய்க்குத் தோண்டிய குழியை மூடிவிட்டுப் போவதுதானே முறை? "தோண்டுறதுதான் சார் நாங்க. மூடுறது வேற டிபார்ட்மெண்ட்" என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான். என் ஸ்கூட்டர் உள்ளே சிறைப்பட்டது. குழியின் குறுக்கே ஒரு பலகை போட்டுக்கொண்டோம். உன் அக்கா அதில் காய்கறிப் பையோடு சாலையில் நடப்பதுபோல நடந்துவிடுகிறாள். என் உடம்பு உனக்குத் தெரியும். நான் பலகையில் கால் வைத்தால் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மாடியில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, "மெதுவா, மெதுவா... பலகை பாவம்" என்பார். தெருவாசிகள் சங்கத்துக்குப் பல காலமாக அவரே தலைவர் என்பதால் தெரு முழுக்க அவருக்கு 'நிரந்தரம்' என்று பெயர். போன தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற எனக்குக் கை தூக்கியது நான் ஒருவன்தான். உன் அக்கா அன்று தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே நகராட்சிக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் எழுத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாது. நூலகம் முதல் பல் மருத்துவர் வரை அதில் அடிபடாதவர் இந்த ஊரில் இல்லை. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது கோழைத்தனம் என்பது என் கொள்கை. எழுதுவேன், அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவேன், எழுந்துவிடுவேன். பதில் வரவில்லை. இன்னும் காரமாக எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. தெருவிளக்கு எரியாததையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று எழுதினேன். மறுநாள் வேலை செய்துகொண்டிருந்த ஒரே விளக்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு காலையில் வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால் வார்டு உறுப்பினர், பொறியாளர், ஒலிபெருக்கி, குழியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன்! தெருவே திரண்டிருந்தது. வார்டு உறுப்பினர் ஒரு தாளை விரித்து, "இந்தத் தெருவின் பண்பாளர் எழுதியதை அப்படியே படிக்கிறேன்" என்றார். 'மூளையே இல்லாத நிர்வாகமே' என்று நான் தொடங்கிய கடிதம், 'என் வாசலுக்கு ஆழம் சேர்த்த அன்பு நிர்வாகத்துக்கு' என்று தொடங்கியது. 'ஒரு வாரத்தில் மூடாவிட்டால் உங்கள் அலுவலக வாசலில் நானே குழி தோண்டுவேன்' என்று எழுதியிருந்தேன். அது, 'இதுபோன்றதொரு குழி தங்கள் அலுவலக வாசலிலும் அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை' என்று வந்தது. விளக்கு விஷயத்தில், 'நட்சத்திரங்களை எங்களுக்குத் திருப்பித் தந்தீர்கள்' என்று நான் உருகியிருந்தேனாம். பொறியாளர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "சர்வீஸ்ல சேந்த நாள்ல இருந்து திட்டு மட்டும்தான் சார் வாங்கியிருக்கேன். உங்க லெட்டரை என் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டினேன். அவ என்னை மதிச்சு ஒரு வார்த்தை பேசினா சார்" என்றார். அப்படிச் சொல்கிற மனிதனிடம் நான் என்னத்தைச் சொல்ல? கத்தரியைக் கையில் கொடுத்தார்கள். வெட்டினேன்.

உள்ளே வந்து உன் அக்காவைக் கேட்டேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவே இல்லை. "நீங்க எழுதுறதைப் படிச்சா யாருங்க நமக்கு நல்லது செய்வா? அதான் தம்பிகிட்ட சொல்லி, பணிவா மாத்தி அனுப்புற ஒண்ணைப் போட்டு வெச்சேன்" என்றாள். சரி, கழற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். 'நீக்கு' என்பதை அழுத்தினால், 'தாங்கள் கோபமாக இருப்பதுபோல் தெரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்' என்கிறது உன் மென்பொருள். குடித்துவிட்டு வந்தேன். 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறது. பிறகு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்கிறது. யாரடா நிர்வாகி என்று பார்த்தால் உன் அக்கா! என் பணத்தில் வாங்கிய கணினியில் நான் 'விருந்தினர்' என்று இருக்கிறேன். கடவுச்சொல்லைக் கேட்டால், "கோபம் ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்தான்.

நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவோம் என்று நகராட்சிக்குப் போனேன். அங்கேயும் வாசலில் குழி, குறுக்கே பலகை. தட்டுத்தடுமாறித் தாண்டி உள்ளே போனால் எழுத்தர் எழுந்து நின்று நாற்காலி போடுகிறார். என் பேரில் 'பாராட்டுக் கோப்பு' என்று ஒன்று திறந்திருக்கிறார்களாம். அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் பாராட்டுக் கோப்பாம். "பாராட்டு வாங்கின வேலையில நாங்க கை வெக்கக் கூடாது சார். நீங்களே மூடச் சொல்லி மெயில் போட்டாத்தான் ஆச்சு" என்றார். மெயிலில் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையால் எழுதித் தருகிறேன் என்றேன். "கையால எழுதினதை வாங்குறத நிறுத்திட்டோம் சார்."

இதற்குள் தெருவில் வேறு கதை. நகராட்சியில் இவர் கடிதம் ஒன்றைத்தான் படிக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி, சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டு, என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். நிரந்தரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உன் அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். அந்தக் காட்சி மனதுக்கு இதமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் காலையில் பலகையில் நிற்கும்போது எந்தப் பதவியும் காப்பாற்றாதடா. நேற்று ஒரு கால் உள்ளே போய், முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. எனவே உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வா. அந்தச் சனியனைக் கழற்று. நான் நானாக, என் சொந்த வார்த்தையில் ஒரு கடிதம் எழுதி இந்தக் குழியை மூடியாக வேண்டும். வராவிட்டால் உனக்கும் எனக்கும் உறவு முறிந்தது. உன் அக்காவுக்கும் உனக்கும் உள்ள உறவில் நான் தலையிட மாட்டேன், தலையிடவும் முடியாது.

உன் மனைவிக்கு என் ஆசிகள். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் தொழிலைத் தவிர எதை வேண்டுமானாலும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஒரு வண்டி நிறைய மண் வந்து நின்றது. விசாரித்தால் உன் அக்கா என் முழங்காலைப் பார்த்துவிட்டு, 'குழியை மூடிவிடுங்கள், என் வீட்டுக்காரர் விழுந்துவிடுகிறார்' என்று என் கணினியில், என் முகவரியிலிருந்தே, ஒரே வரி மின்னஞ்சல் போட்டாளாம். அதில் மாற்ற ஒன்றுமில்லாததால் உன் மென்பொருள் அப்படியே அனுப்பிவிட்டது. குழி மூடினால் கோப்பு மூடும், கோப்பு மூடினால் நாளைக்கே நிரந்தரம் மறுபடி தலைவர். எதிர் மாடியில் அவர் சிரித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். "மண்ணு விழும் சார், எழுந்திரிங்க" என்கிறான் மூடுகிற டிபார்ட்மெண்ட் மேஸ்திரி. உன் அக்கா பலகை மேல் நின்று, "சாப்பாட்டுக்காவது மேல வருவீங்களா, இல்ல கீழ அனுப்பணுமா?" என்கிறாள். பொறியாளருக்கு இப்போதுதான் குழிக்காக ஒரு நன்றி அடித்து அனுப்பினேன்; பாராட்டு வாங்கின வேலையில் கை வைக்க மாட்டார்களே. நீ வர வேண்டாம். மென்பொருளைத் தொடாதே. மேலே உன்னைத் திட்டியிருக்கும் இடங்களிலெல்லாம் நன்றி என்று நீயே மாற்றிப் படித்துக்கொள். பேனாவுக்கு அந்த வசதி இல்லை.