திணைக்காய்ச்சல்

நேரியநாட்டில், மன்னர் அரியணையேறிய பதினேழாம் ஆண்டு, ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிருவருக்கும் ஆளுக்கொரு தாள் வழங்கப்பட்டது. தாளில் ஒரே ஒரு வினா இருந்தது: 'திணைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி குறித்து உமது மனப்பாங்கு யாது?' விடைகள் இரண்டு: போட்டுக்கொள்வேன், போட்டுக்கொள்ளேன். இரண்டாம் விடையைத் தேர்ந்தோரும் விடையளிக்காதோரும் தேர்வுக்கூடத்தினுள் நுழைய இயலாது என்று அடிக்குறிப்பு கூறியது.

திணைக்காய்ச்சல் ஆளைக் கொல்வதில்லை. முதல் நாள் உடம்பு இலேசாகச் சுடும். மறுநாள் முதல் நோயாளி தம்மைப்பற்றிப் பேசுகையில் 'வந்தேன்' என்னாமல் 'வந்தது' என்பார். ஏழாம் நாள் பேச்சு நின்றுவிடும். அதன்பின் வைத்த இடத்தில் இருப்பார். கண்கள் திறந்தே இருக்கும். இமைகளின்மேல் தூசி படியும். பேச்சு நிற்பதற்குள் ஊசி போட்டுவிட்டால் மீளலாம் என்று மருத்துவர்கள் கண்டிருந்தனர்.

இலக்கணத் துறையின் ஆய்வு மாணவி மங்கையர்க்கரசியும் அவளுடைய அறைத்தோழி தவமணியும் ஒரே மேசையில் அமர்ந்து முதல் விடையைக் குறித்தனர்.

"நிஜமா போட்டுக்கப் போறியாடி?" என்றாள் தவமணி.

"நீ?"

"நீ முதல்ல போட்டுக்க. ஒரு வாரம் உன்னப் பாத்துட்டு நான் போட்டுக்கறேன்."

"நான் உன்னப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணலாம்னு இருந்தேன்."

பக்கத்து மேசையில் சிரிப்பு எழுந்தது. ஊசி போட்ட கை ஒரு மாதம் தூக்க வராதாம் என்றாள் ஒருத்தி. எல்லாரும் போட்டுக்கொண்டால் நோயே வராது, பிறகு தனக்கு எதற்கு என்றான் கணக்குப் படித்த ஒருவன். கூட்டல் அவனுக்குச் சரியாகவே வந்தது. ஊசிக் கொட்டகையில் ஐந்து நாள் காத்திருந்த மருத்துவர், ஆறாம் நாள் நாற்காலியை மடித்து வைத்தார்.

கருத்துத் துறைப் பேரதிகாரி அருளாகரர் அதற்காகக் கலங்கவில்லை. 'போட்டுக்கொள்வேன்' என்று நாலாயிரத்து நூற்றுப் பன்னிருவரும் எழுதிக் கொடுத்திருக்கையில் கொட்டகைக்கு என்ன வேலை என்பது அவருடைய ஐயம். அதைத் தீர்த்துக்கொள்ள இலக்கணத் துறையிலிருந்து மங்கையை அழைத்தார்.

"உக்காருங்கம்மா. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா, கையைக்கூடக் கழுவாம 'இதோ வந்துட்டேன்'ங்கிறோமா இல்லையா? அது பொய்யா?"

"பொய் இல்லீங்கய்யா. காலவழுவமைதி. உறுதியைக் காட்டறதுக்காக, நடக்கப் போறதை நடந்ததாச் சொல்லலாம்."

"அப்ப, 'போட்டுக்கொள்வேன்'னு உறுதியாச் சொன்னவரைப் 'போட்டுக்கொண்டார்'னு எழுதலாமா?"

மங்கை சற்றுத் தயங்கினாள். ஓர் அரசு தன் வாழ்நாளில் முதன்முறையாக இலக்கணத்திடம் இசைவு கேட்கிறது என்ற பெருமிதம் அத்தயக்கத்தை விழுங்கிவிட்டது. "இலக்கணப்படி தடையில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

அன்று மாலையே அக்குறிப்பின்படி ஆணை வெளிவந்து, பதிவேட்டில் எல்லார் பெயருக்கும் எதிரே 'போட்டுக்கொண்டார்' என்று எழுதப்பட்டது; கொட்டகை பிரிக்கப்பட்டது. குப்பிகள் அண்டை நாட்டுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டன. பதிவேட்டில் பிழை நேர்ந்தால் திருத்துவதற்கென நாற்பது குப்பிகள் மட்டும் பேரதிகாரியின் அறையில், பனிக்கட்டிப் பெட்டி ஒன்றில் நிறுத்தி வைக்கப்பட்டன.

பன்னிரண்டு நாள் கழித்துத் தவமணிக்கு உடம்பு சுட்டது. மறுநாள் காலை, "குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு" என்றாள். எல்லாரும் பேசுகிற பேச்சுத்தான் என்பதால் மங்கை அதைக் கவனிக்கவில்லை. நான்காம் நாள், ஈரக் காலோடு அறைக்குள் வந்தவளை, எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள்.

"கெணத்தடிக்குப் போச்சு."

"என்ன போச்சு?"

தவமணி தன் மார்பின்மேல் விரலை வைத்தாள். "இது."

மங்கை விரல்விட்டு எண்ணினாள். மீதமிருந்தவை மூன்று நாள்கள். தோழியின் கையைப் பிடித்து அவளைக் கருத்துத் துறைக்கு அழைத்துச் சென்றாள். கூடத்தில் எழுத்தர்கள் இரு வரிசையாக அமர்ந்திருந்தனர். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரசு அலுவலகத்தில் அது புதுமையன்று. ஆகவே இருவரும் நேரே உள்ளறைக்குச் சென்றனர்.

அருளாகரர் பதிவேட்டைப் புரட்டினார். "தவமணி. போட்டுக்கொண்டார்னு இருக்கு."

"அது தப்புங்கய்யா. ஒரே ஒரு குப்பி குடுங்க."

"திருத்தணும்னா மனுதாரர் தம் வாயாலே சொல்லணும். விதி அப்படி."

"போடல" என்றாள் தவமணி.

"யாரு போடல? இதுல ஆள் தெரியலையே. போடவில்லைங்கிறது இந்த நாற்காலிக்கும் பொருந்தும். தன்மை விகுதியோட வரணும்."

மங்கை தோழியின் முகத்தை இரு கைகளாலும் தன் பக்கம் திருப்பினாள். "தவம், என்னப் பாரு. 'போட்டுக்கொண்டிலேன்.' சொல்லும்மா. கடைசியில 'ஏன்' வரணும். அவ்வளவுதான்."

தவமணியின் உதடுகள் நெடுநேரம் அசைந்தன. "போட்டுக்கொண்டிலது" என்றாள்.

"அஃறிணை. மனு ஏற்கத்தக்கதன்று" என்று எழுதப்பட்டது.

"அப்ப என் பேர்ல குடுங்க. நானும் போட்டுக்கல. அந்தக் குறிப்பே தப்பு. நான்தான் எழுதினேன். சொல்றவர் பேச்சுக்கு அந்த விதி பொருந்தும், எழுதறவர் கணக்குக்குப் பொருந்தாது. எனக்கு அது அன்னிக்கே தெரியும்."

"குறிப்பு தவறுன்னா ஆணையும் தவறுன்னு ஆகும்."

"ஆமா. ஆணை போட்டது நீங்கதானே?"

"ஆணை பிறப்பிக்கப்பட்டது."

"யாரு பிறப்பிச்சா?"

"பிறப்பிக்கப்பட்டது. கையெழுத்து ஆச்சு. அனுப்பியாச்சு."

மங்கை மேசையருகே சென்று குனிந்தாள். "ஐயா, ஒரு தடவை 'நான்'னு சொல்லுங்க."

அருளாகரரின் வாய் திறந்தது. உள்ளே நாக்கு எதையோ தேடியது. பிறகு அவர் மிகுந்த பணிவோடு, "கேட்டது. புரிஞ்சது. வருத்தப்படுது" என்றார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

மங்கை மெல்லப் பின்வாங்கிக் கதவைத் திறந்தாள். கூடத்தில் எழுத்தர்கள் அப்படியே இருந்தனர். முதல் எழுத்தரின் இறகுப்பேனா முனையில் மை காய்ந்திருந்தது. இரண்டாமவரின் இமைமேல் தூசி இருந்தது. சுவர் வரையில் எல்லா இமைகளின்மேலும் இருந்தது. எத்தனை நாளாக என்று அவளால் கணிக்க இயலவில்லை. அங்கிருந்து வந்த ஆணைகள் எல்லாம் அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதே நடையில்தான் வந்துகொண்டிருந்தன.

அவள் உள்ளறைக்குத் திரும்பி, பெட்டியை நாற்பது குப்பிகளோடும் தூக்கிக்கொண்டாள். பேரதிகாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு குப்பியை நீட்டி, "ஐயா, உங்களுக்கும் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

"பரிசீலிக்கப்படும்" என்றார் அவர். அதுவே அவர் பேசிய கடைசிச் சொல்.

விடுதிச் செவிலி தவமணிக்கு ஓர் ஊசியும் மங்கைக்கு ஓர் ஊசியும் போட்டாள். மீதி முப்பத்தெட்டையும் வைத்துக்கொண்டு மங்கை உணவுக்கூடத்தின் வாசலில் நின்று, தான் எழுதிய குறிப்பு பொய்யென்று உரக்கச் சொன்னாள். ஒன்பது பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்வந்தனர். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "நாமதான் ஏற்கெனவே போட்டுக்கிட்டவங்களாச்சே. ரெண்டாந்தரம் போட்டு ஏதாவது ஆச்சுன்னா?" என்றான் கணக்குப் படித்தவன். அவன் அதை நம்பினான்.

ஏழாம் நாள் காலை தவமணி எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுடி. நான் ஏதாவது சாப்பிட்டேனா இல்லையா?" என்றாள். மங்கை அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கார்த்திகைத் திங்கள் இருபதாம் நாள் அரசவை கூடியது. யார் யார் வந்திருந்தனர் என்பது குறிக்கப்படவில்லை. அங்கு முடிவு செய்யப்பட்டவை வருமாறு: தடுப்பூசித் திட்டம் முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மனப்பாங்கு ஆய்வு ஆண்டுதோறும் நடத்தப்படும். மனுவின்மீது அஃறிணை எனத் தீர்மானிக்கப்பட்ட தவமணி, கட்டில், நாற்காலி ஆகியவற்றோடு விடுதி உடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது தற்போது 'நான்' என்று சொல்வதாக வந்த முறையீடு ஆராயப்பட்டது. பட்டியலில் உள்ள எப்பொருளும் அவ்வாறு சொல்லுமுன் எழுத்துவழி இசைவு பெற வேண்டும். அவ்விசைவை, 'நான் இசைகிறேன்' என்று தம் வாயாற்சொல்லி வழங்கத்தக்க அலுவலரே வழங்க வேண்டும். நாடு முழுவதும் தேடப்பட்டதில், அப்பணியிடம் காலியாக உள்ளது எனப் பதிவு செய்யப்பட்டது.