தினகரனார் கிக்கர் உதைத்த படலம்

வாழ்க அவன் வலதுகால்! ஏரி நிறைந்து உபரிநீர் கலங்கல் தாண்டி வழியும் நாட்டினன், நெற்குவியல் மலையென எழும் களத்தினன், வாலாஜாபாத் அரிசி ஆலையில் இருபது குதிரைத்திறன் மோட்டாரை ஒற்றைச் சுவிட்சால் அடக்கி ஆளும் ஆற்றலன், உத்திரமேரூர் வடக்குத் தெருவின் ஒப்பற்ற தோன்றல், நாற்பத்தாறு அகவை நிரம்பியும் நரையை மையால் வென்ற நம்பி, தினகரன் என்னும் திருநாமம் பூண்ட அவ்வீரன், ஆயுத பூசை நன்னாளில் இரும்புப் பரி ஒன்றோடு பொருத கதையைச் சொல்லத் துணிந்தேன். தெருமுனைப் பிள்ளையாரே, உமக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன். எடுத்த காரியம் முடிய அருளும். நம் தலைவன் எடுத்த காரியம் எதுவும் இதுவரை முடிந்ததாகத் தகவல் இல்லை, அதனால்தான் இவ்வளவு கெஞ்ச வேண்டியிருக்கிறது.

பரி என்றது ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அதன் பெருமையையும் கேட்டுவிடுங்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பிறந்தது. ஈன்ற கம்பெனியின் பெயர்ப்பட்டை எங்கோ கழன்று விழுந்தமையால் குலமும் கோத்திரமும் அறியப்படாதது. ஆலையின் கிடங்கில் நெல்மூட்டைகளுக்குப் பின்னே பதினோர் ஆண்டு அஞ்ஞாதவாசம் இருந்து, எலிக்குலம் வலம்வர, சிலந்திக்குலம் தோரணம் கட்ட, துரு என்னும் செம்பட்டுப் போர்த்துக் கிடந்தது. “எடுத்துக்கினு போய்யா, எடத்த அடைக்குது” என்று முதலாளி அருளிய வரத்தை இருகையேந்திப் பெற்ற தினகரன், சித்திரை மாதத்து ஞாயிறொன்றில், குட்டியானை என்று உலகோர் அழைக்கும் சரக்கு வண்டியின் மேல் அதனை ஏற்றி, தானும் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தபடி, ஊர் நடுவே பவனி வந்தான். பழைய இரும்புக் கடைக்குப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அன்று தொடங்கிய தவம் ஆறு திங்கள் நீண்டது. முன்கூடத்தில் செய்தித்தாள் விரித்து, எலும்பு வேறு தசை வேறாகப் பரியைப் பிரித்தான். மனைவியின் இட்லிக் குண்டானில் புளித்தண்ணீர் காய்ச்சி அதில் கார்ப்புரேட்டரை வேகவைத்தான். மீண்டும் மாட்டி முடித்தபோது மீந்த நான்கு நட்டுகளை ஊறுகாய் பாட்டிலில் இட்டு, ஒன்றும் நடவாதவன்போல் மூடினான். மீட்டதோடு அமைந்தானா? இல்லை. கடாவின் கொம்பு போல் மேலெழுந்த புது ஹேண்டில் பார், பேருந்து நிலையத்துக் குஷன் கடைக்காரர் தைத்த அரக்கு நிற ரெக்சின் சீட், நிலவுக்கு நிகரான இரு வட்டக் கண்ணாடிகள் என்று அணிகலன் பல பூட்டினான். பெட்ரோல் டேங்குக்கு மயில்கழுத்து வண்ணமே வேண்டும் என்று, மாதிரி காட்டுவதற்காக மனைவியின் கல்யாணப் பட்டுப்புடவையையே பெயின்ட் கடைக்கு எடுத்துப் போனான். முந்தானையில் விழுந்த ஒரு துளி பெயின்ட் இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சும் இன்றும் இருக்கிறது.

சைலன்ஸரை மட்டும் பதினைந்து நாள் தேய்த்தான். குனிந்து பார்த்து மீசை ஒதுக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பாவம், ஒரு மனிதன் எத்தனையைத்தான் பார்ப்பான்.

இனித் தலைவியைப் போற்றுவோம். ஊசிமுனையால் உலகை வெல்லும் இளமதி, வடக்குத் தெருப் பெண்டிர் அனைவருக்கும் ஜாக்கெட் தைத்துத் தருபவள், அளவு கொடுக்க வருவோர் கால்வைக்க இடமின்றி வாசலோடு திரும்பிப் போவதை ஆறு மாதம் பொறுத்தவள், மகாளய அமாவாசை கழிந்த மறுநாள் பொறுமை கடந்து, இடுப்பில் இன்ச் டேப்பைச் செருகிக்கொண்டு இவ்வாறு திருவாய் மலர்ந்தாள்:

“த பாருங்க. பாத்ரூம்ல ஒரு செவுத்துக்குதான் டைல்ஸ் ஒட்டிகீது. மாடித் தொட்டிக்கு மூடி இன்னும் வர்ல. ஆர்மோனியம் வாங்கினீங்க, ச ரி க வோட நின்னுபோச்சி. இதுவும் அப்டிதான் ஆவப்போவுது. ஆயுத பூஜ அன்னிக்கு நாலு மணிக்கு கன்னியப்பன வரச் சொல்லிகீறேன். அவன் காதால எஞ்சின் சத்தம் கேக்கணும். கேக்கலன்னா மறுநா விஜயதசமிக்கு அவன் கடைக்கு மொத லோடு இதான்.”

கன்னியப்பன் யார் என்று கேட்பீர்கள். பழைய இரும்பின் இறுதித் தீர்ப்பாளன். சைக்கிள் முதல் கரும்பு மெஷின் வரை இவ்வட்டாரத்தில் உயிர்விட்ட யாவும் அவன் தராசில்தான் கரையேறும். அவன் பெயரைக் கேட்டதும் தினகரன் பரியின் முன்னே போய் நின்று அதை மறைத்துக்கொண்டான். வண்டி போய்விடுமே என்ற கவலை மட்டுமன்று. இதுவும் பாதியில் நின்றால் அந்தப் பட்டியலில் டைல்ஸுக்கும் ஆர்மோனியத்துக்கும் பக்கத்தில் சாகும்வரை உட்கார்ந்திருக்குமே என்பது அவனை அறுத்தது. “சரி, வரட்டும்” என்றான்.

பூசைநாள் புலர்ந்தது. இங்கேதான் தலைவன் ஒரு பிழை செய்தான். ஆலைத் தொழிலாளிக்கே உரிய பக்திப் பெருக்கால், தன் படைக்கலம் அனைத்தையும், எட்டாம் நம்பர் முதல் இருபத்துநான்கு வரை ஸ்பானர்களையும், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், பிளக் ஸ்பானர் என ஒன்றுவிடாமல், மண்ணெண்ணெயில் நீராட்டி, சந்தனம் சாத்தி, குங்குமம் இட்டு, சாமி படத்தின் முன் வாழையிலையில் வரிசையாக அடுக்கிக் கற்பூரம் காட்டிவிட்டான். பக்கத்தில் இளமதியின் தையல் மெஷினும் கத்தரிக்கோலும் பொட்டிட்டு ஓய்வில் இருந்தன. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடலாகாது என்பது தொன்றுதொட்ட விதி. வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி அன்றே ஓட்டலாம். முந்தின நாள் மாலை ஒருமுறை இருமிக் காட்டியிருந்ததால், ஒரே உதையில் பரி எழுந்துவிடும் என்று அவன் நம்பிவிட்டான்.

மணி பத்து. மாலை சூடிய பரியை வாசலுக்கு இறக்கி, வேட்டியை மடித்துக் கட்டி, குலதெய்வத்தை நினைந்து, வலதுகாலைத் தூக்கிக் கிக்கரின் மேல் வைத்து முதல் உதை உதைத்தான் தினகரன். திசைகள் அதிர்ந்தனவா? இல்லை. பரி கனைத்ததா? அதுவும் இல்லை. இரண்டாம் உதை, பத்தாம் உதை, முப்பதாம் உதை எனப் போர் முற்றியது. நாற்பதாம் உதையில் செருப்பின் வார் அறுந்து வீரமரணம் எய்தியது. நாற்பத்தேழாம் உதையில் கிக்கர் சினங்கொண்டு திருப்பி உதைக்க, தலைவனின் கெண்டைக்கால் தக்காளியாய்ச் சிவந்தது. எதிர்வீட்டுச் சொக்கம்மாள் தன் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, சுண்டலைக் கொறித்தபடி இப்போரை முழுதும் கண்டு, நடுநிலை வழுவாது உரைத்தாள்: “தம்பி, கால மாத்து. அந்தக் காலு பாவம்.”

கால் மாற்றினான். பயனில்லை. தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு ஓடி, கியர் போட்டு ஏறிக் குதித்தான். மும்முறை போய் மும்முறை வந்தான். பரி ஒரு ‘புஸ்’ மட்டும் விட்டது. மணி ஒன்றைத் தாண்டியது. வியர்வை வழிய உள்ளே நுழைந்த தலைவன், சந்தனம் மணக்க வாழையிலையில் துயிலும் பிளக் ஸ்பானரைப் பசித்தவன் வடையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“இத மட்டும் ஒரு நிமிசம் எடுத்துக்கறேன்.”

“சாமிக்கு வெச்சதுல கைய வெச்சீங்கன்னா, நாலு மணி வரைக்கும் கூட வேணாம், கன்னியப்பன இப்பவே கூப்புடுவேன்.”

வெறுங்கையோடு போர்க்களம் மீண்டான். இளமதி குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தாள். வந்தவள் சொம்பை நீட்டாமல் தரையையே பார்த்தாள். சைலன்ஸரின் வாய்க்கு நேர்கீழே, ஒரு கைப்பிடி நெல்.

“ஆறு மாசமா இத கூட்டிக்கினே கீறேன். நம்ப வூட்டுல நெல்லு மூட்டையே கெடையாது. எங்கேர்ந்து வருது இது?”

குனிந்தாள். பளபளக்கும் அந்தக் குழலுக்குள் ஒற்றைக்கண் வைத்துப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சமையலறைக்கு ஓடி, சாம்பார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தமையால் பூசைக்குப் போகாமல் தப்பிய ஒரே ஆயுதமான கரண்டியைக் கைக்கொண்டு வந்து, அதன் காம்பால் குழலைக் குடைந்தாள். கொட்டியது நெல். பதினோர் ஆண்டு, எத்தனையோ தலைமுறை எலிகள், பேரன் பேத்திகளின் எதிர்காலம் கருதிச் சேமித்து அடைத்து வைத்த நெல், ஒரு படிக்கும் மேலாகத் தெருவில் கொட்டியது. நாள்தோறும் ஆலையின் மோட்டாரில் நெல்லும் தவிடும் அடையாமல் ஊதி ஊதிச் சுத்தம் செய்யும் தினகரன், அதைக் கண்டு தலைகுனிந்தான். இளமதி கரண்டியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். “இப்ப ஒதைங்க” என்றாள்.

உதைத்தான். இடியொலி பிறந்தது. உள்ளே எஞ்சிய நெல்லனைத்தும் கரும்புகையோடு வெடித்துக் கிளம்பி, காற்றிலே பரந்து, கணவன் தலையிலும் மனைவி தலையிலும் அட்சதையாய்ச் சொரிய, சொக்கம்மாள் சுண்டல் கிண்ணத்தைக் கைவிட்டு எழுந்து நிற்க, மயில்கழுத்து வண்ணப் பரி மேனி நடுங்க, கண்ணாடி குலுங்க, கழுத்து மாலையின் இதழ்கள் உதிர, தடதடவென முழங்கி உயிர்பெற்றது. மணி இரண்டேகால்.

ஆனால் வெற்றியின் மடியிலேயே வேறொரு சங்கடம் பிறந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும் போலிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகாணியைத் திருகினால் போதும். திருக ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அதுவோ சந்தனக் காப்பில் இருந்தது. அணைந்தால் மீண்டும் எழுமா என்பதைப் பிள்ளையாரும் அறியார். ஆகவே வலக்கையால் ஆக்ஸிலேட்டரைப் பற்றியபடி, நடுத்தெருவில், உச்சி வெயிலில், ஓரடி கூட நகராமல், அரியணை ஏறிய அரசன்போல் அமர்ந்துவிட்டான் தினகரன்.

“ஆஃப் பண்ணிட்டு வந்து சாப்புடுங்க.”

“ஆஃப் பண்ணா போச்சி. கன்னியப்பன் வர்ற வரைக்கும் இப்டியேதான்.”

“இன்னும் ஒன்றர மணி நேரம் கீதுங்க.”

“இருக்கட்டும்.”

இளமதிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் பார்த்த தினகரன், கொஞ்சம் கஷ்டம் என்றால் ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று எழுந்து போய்விடுகிற தினகரன். இவன் புதியவன். உள்ளே போனாள், தட்டில் சோறும் சாம்பாரும் வடையும் போட்டுப் பிசைந்து வந்தாள், புகைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊரார் காண, ஒவ்வொரு கவளமாக அவன் வாயில் ஊட்டினாள். தலைவன் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். சொக்கம்மாள் நாகரிகம் கருதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலப்பக்கக் கண்ணால் மட்டும் பார்த்தாள்.

மூன்று மணிக்கு எஞ்சின் ஒருமுறை விக்கியது.

“பெட்ரோல் எவ்ளோ கீது?”

“காலைல ஒரு லிட்டரு ஊத்தினேன். இப்ப ஒரு டம்ளர் இருந்தா பெருசு.”

பெட்ரோல் பங்கில் பாட்டிலில் ஊற்றித் தர மாட்டார்கள். தெருவில் இருந்த மற்ற வண்டிகளோ மாலையும் பலூனும் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போயிருந்தன. அப்போதுதான், ஆறு மாதம் இப்பரியைப் பகைத்தவள், இதன் இறுதிநாளுக்குத் தானே நேரம் குறித்தவள், அந்த இளமதி, போனை எடுத்தாள்.

“கன்னியப்பா, எங்க கீற?”

“பூஜ நடந்துகினு கீதுக்கா. தராசுக்கு இன்னும் கற்பூரம் காட்டல. நாலு மணிக்குதான வரச் சொன்ன?”

“நாலு மணி வேணாம். இப்பவே வா.”

“கற்பூரம் காட்டாம எப்டிக்கா?”

“சீக்கிரம் காட்டு.”

இரண்டாம் விக்கல். மூன்றாம் விக்கல். டேங்கின் அடியில் கிடக்கும் கடைசிச் சொட்டும் குழாய்க்குள் இறங்கட்டுமென்று தினகரன் பரியை ஒருபக்கம் சாய்த்துப் பிடிக்க, அது அவன்மேல் விழாதபடி மறுபக்கம் இளமதி தோள் கொடுத்துத் தாங்க, அவள் நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்து வழிய, இருவர் கண்ணும் தெருமுனையையே பார்த்திருக்க, மூன்றே முக்காலுக்கு, நெற்றி நிறைய விபூதியோடும் கையில் பொரிப் பொட்டலத்தோடும், மணியடித்துக்கொண்டு சைக்கிளில் தெருவுக்குள் திரும்பினான் கன்னியப்பன்.

இறங்கினான். ஸ்டாண்டு போட்டான். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எஞ்சினருகே குத்துக்காலிட்டு அமர்ந்து, ஒரு காதையும் பிறகு மறுகாதையும் கொடுத்து, வைத்தியன் நாடி பார்ப்பதுபோல் நெடுநேரம் கேட்டான். அவன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தீர்ப்புரைத்தான்:

“ஓடுதுக்கா. ஓடற வண்டிய நான் தொடறதில்ல.”

சொல்லி வாய் மூடுமுன், பரி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. தெரு சட்டென்று அமைதியானது. கன்னியப்பன் பெருந்தன்மையோடு பொரிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். ஐந்தேமுக்கால் மணிநேரம் பொருது, செருப்பிழந்து, கெண்டைக்கால் வீங்கி, கரிபடிந்த முகத்தில் பல் மட்டும் வெளுத்துத் தெரிய, வாழ்நாளில் முதன்முறையாகத் தொடங்கியதொன்றை முடித்த தினகரன், தோளில் கைவைத்த மனைவியோடு, காணும் திசையெல்லாம் தன் கொடி பறக்கக் கண்டு, இனி ஏரிக்கரையும் எண்டிசையும் இப்பரியின் குளம்படியில் அதிரும் என்று உளம் பூரித்து நின்றான்.

மறுநாள் காலை அவன் எட்டு மணி பஸ்ஸில் வேலைக்குப் போனான்.