காணாமற்போன ஏழாம் சிற்பம்

ஏழாம் எண் சிற்பத்தைக் காணவில்லை என்று ராகினி தொலைபேசியில் சொன்னபோது, தனபாலன் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

அது அவருக்கு உடனே விளங்கவில்லை. செங் என்ற ஊரின் தொழிற்பேட்டையைத் தாண்டி, ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தின் மிச்ச நிலத்தில் திறந்தவெளிச் சிற்பப் பூங்கா ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. வருகையாளர்களுக்கான வசதிகளை வடிவமைத்தவர் தனபாலன். நிழற்குடில், மழைநீர்த் தொட்டி, கழிவை எருவாக்கும் கழிப்பறை. 'புதிய பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது; நிலத்தில் கிடப்பதைக் கொண்டே கட்ட வேண்டும்' என்பது அவரே வகுத்த விதி. ஓய்வு பெறுமுன் அவர் ஏற்ற கடைசிப் பணி அது. பிழையில்லாமல் முடித்துவிட்டு விடைபெற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. மறுநாள் திறப்பு விழா. கழிப்பறையின் உறுதியைச் சோதிப்பதற்காகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே அமர்ந்திருந்தார்.

"பார்க்க எப்படி இருக்கும் அந்தச் சிற்பம்?" என்று கேட்டார்.

"பழைய தகரம், பலகை, நீலக்கலர்ல ஒரு கதவு. மூங்கில் புதர்கிட்ட சாஞ்ச மாதிரி நிக்கும், பாஸ். 'வேர்களின் மௌனம்'னு பேரு. ஹரிதாஸ் சார் செஞ்சது. நீங்க பாக்கலயா?"

தனபாலன் எதிரே பார்த்தார். கதவு நீலமாக இருந்தது.

"பேர்ப்பலகை வச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்லலா" என்று பூங்கா அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் தொடர்ந்தாள். "இயற்கைய கெடுக்கும், வேண்டாம்னு யாரோ ஒரு புத்திசாலி ரிப்போர்ட் எழுதியிருக்காரு."

எழுதியவர் தனபாலன். அந்த அறிக்கையில் ஒரு காற்புள்ளியை மாற்றக்கூட அவர் இடங்கொடுத்ததில்லை.

வெளியே வந்து, கழிப்பறையைக் கட்டிய குத்தகையாளர் தினேஸ்வரனை அழைத்தார்.

"மூங்கில் பக்கம் கிடந்த ஜாமான எடுத்துக்கலாமான்னு கேட்டேன். 'எடுங்கள், ஒன்றையும் வீணாக்காதீர்கள்'னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் தினேஸ்வரன். "ஒரு ஆணியக்கூட வீணாக்கல, பாஸ்."

அதுதான் தனபாலனை மிகவும் வருத்தியது. சிற்பத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் பிரித்தால் கழிப்பறை இராது. கழிப்பறை இல்லாவிட்டால் நகராண்மைக் கழகம் கூட்டத்தை உள்ளே விடாது. பிரிக்காவிட்டால் ஒரு கலைஞனின் உழைப்பு இராது. பிறர் கவனக்குறைவைக் கண்டால் பொறுக்காதவர் என்று பெயரெடுத்தவர், தம் கவனக்குறைவின் முன்னே நின்று நெடுநேரம் தாடையைத் தடவினார். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு போலியைச் செய்யத் துணிந்தார்.

பாச்சாங்கில் ஒரு வன்பொருள் கடையிலிருந்து புதுத் தகரம் வந்தது. அவருடைய விதி அந்த லாரியிலேயே செத்தது. மூங்கிலருகே நிறுத்தியபோது, மாலை வெயிலில் தகரம் நகைக்கடைபோல் மின்னியது.

"இது மௌனமா இல்லயே, பாஸ். கத்துது" என்றார் தினேஸ்வரன்.

"துருப்பிடித்ததுபோல் தெரிய என்ன செய்யலாம்?"

"உப்புத்தண்ணி அடிச்சிருவோம்."

உம்பாய்க் கடலிலிருந்து பீப்பாயில் நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தகரத்தின் மேலிருந்த கொஞ்சநஞ்சப் புழுதியும் கரைந்து போயிற்று. இப்போது அதில் முகம் பார்க்கலாம். தனபாலன் பார்த்தார், பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"புளி பூசினால் மங்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன்" என்றார் ஈனக்குரலில்.

தினேஸ்வரன் மறுபடியும் உம்பாய்க்குப் போய், இரண்டு வாளிகளோடு திரும்பினார். செக்கச்சிவந்த குழம்பு தளும்பியது.

"இது அசாம் பெடாஸ் மீன்குழம்பு அல்லவா?"

"புளிதானே பாஸ் கேட்டீங்க? இதுல எக்கச்சக்கமா இருக்கு. சாப்பாட்டுக் கடை அக்கா மிச்சத்த சும்மாவே குடுத்துட்டாங்க."

"மீன் மிதக்கிறதே, ஐயா!"

"தலை மட்டுந்தான்லா."

பூசினார்கள். நிறம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அமைந்தது.

மறுநாள் காலை ஹரிதாஸ் வந்தபோது, 'வேர்களின் மௌனம்' முழுவதும் பூனைகளாக இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பூனைகள் அனைத்தும் உச்சிமுதல் அடிவரை அமர்ந்து, ஒன்றைப் பார்த்து ஒன்று சீறியபடி தகரத்தை நக்கிக்கொண்டிருந்தன. ஜிப்பாவும் குடுமியுமாக நின்ற சிற்பி, வாய் திறந்தபடி தனபாலனைத் திரும்பிப் பார்த்தார்.

தனபாலன் விடியுமுன்பே மன்னிப்பு வாக்கியம் ஒன்றைத் தயாரித்து, திருத்தி, மனப்பாடம் செய்திருந்தார். அது இப்போது வரவில்லை.

"ஐயா, உங்கள் சிற்பத்தைக் குப்பையென்று எண்ணிவிட்டேன்" என்றார். "அதைப் பிரித்து... அதோ, அந்தக் கழிப்பறையைக் கட்டிவிட்டேன். இதை மறைக்கத்தான் இந்தப் பூனைகள். பூனைகளை நான் திட்டமிடவில்லை."

"கக்கூசா?" ஹரிதாசின் குரல் உடைந்தது. "என் மௌனத்துக்குள்ள கக்கூசா சார்?"

"எரு நன்றாக வரும்" என்று இடையில் சொன்னார் தினேஸ்வரன்.

"சும்மா இருங்கள்!"

"அந்த ஒவ்வொரு தகரத்துலயும் தோட்டத்து சனங்களோட கண்ணீர் இருக்கு சார்" என்று ஹரிதாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கதவுல எத்தன கை பட்டிருக்கு தெரியுமா? அதுங்கள நான் தேடிப் போகல. அதுங்களா என்னைக் கூப்பிட்டுச்சு. கட்டினவரு நீங்க, படைச்சவனோட வலி உங்களுக்கு எங்க புரியப் போகுது?"

புரிந்தது. அதனால்தான் தனபாலனுக்குக் கண் கலங்கியது. எத்தனையோ கட்டடங்களைக் கட்டியவர். ஒருவரும் அவற்றில் ஒன்றுக்காகவேனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதில்லை. அப்படி ஒருவன் நேசித்த ஒன்றைத் தம் கை அழித்துவிட்டதே என்ற நினைப்பு, பூனைகளின் சத்தத்தைவிடப் பெரிதாக அவருக்குள் கேட்டது.

"இப்போதே பிரித்துத் திருப்பித் தருகிறேன்" என்றார். "திறப்பு விழா நின்றால் நிற்கட்டும். பழி என்னுடையது என்று குழுவிடம் நானே சொல்லிவிடுகிறேன்."

"பாஸ், கூட்டம் வந்துருச்சு" என்று ராகினி ஓடிவந்தாள். "லயத்து ஆளுங்க முதல் ஆளா வந்துட்டாங்க. ஆன்ட்டி ஒருத்தங்க தண்டாஸ் எங்கன்னு கேக்கறாங்க."

"கழிப்பறை இல்லை என்று சொல், அம்மா" என்றார் தனபாலன். சட்டைக் கையை மடித்துவிட்டு, தினேஸ்வரனிடம் திருப்புளியை வாங்கி, நீலக்கதவின் கீலில் வைத்தார். முதல் திருகாணி எளிதில் கழன்றது. அது அவரை மேலும் வருத்தியது, நன்றாகத்தான் பொருத்தியிருந்தார்கள்.

அப்போது, பூங்காவை ஒட்டிய பழைய தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இன்னும் குடியிருக்கும் நாலைந்து குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த முனியாயி, விழாவுக்கென்று உடுத்திய பட்டுச்சேலையோடு விறுவிறுவென்று வந்தார். கதவை உற்றுப் பார்த்தார். உள்ளங்கையால் அதைத் தடவினார். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். ஹரிதாஸ் ஏனோ அவசரமாகப் பூனைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முனியாயி இரண்டு கைகளாலும் தனபாலனின் திருப்புளியைப் பற்றினார்.

"கழட்டாதீங்க தம்பி, புண்ணியமாப் போவும்! நாங்கள்லாம் சன்னாசிமலைத் திருவிழாவுக்குப் போயிருந்தப்ப எங்க லயத்துக் கக்கூச எவனோ அடியோட பேத்துக்கிட்டுப் போயிட்டான். நல்லவேளை, நீங்களாவது கண்டுபிடிச்சு மறுபடியும் கக்கூசாவே கட்டிட்டீங்க."